முதுகில் மருதாணி

பாஸ்ஸுவின் கம்பளி அங்கியைப் போல வெளுத்த அங்கி அந்த மலையில் வேறு எவனிடமும் கிடையாது. மனைவி இஸ்ஸா ஒரு குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து நெய்தது. அதை உடுத்திக்கொண்டு அவன் நடக்கிற நடையைப் பார்த்தால், அட்லஸ் மலையே மாமனார் கொடுத்த சீதனமோ என்று தோன்றும்.

அந்த அங்கியின் முதுகில் மருதாணியை அப்பப் போவதாக இஸ்ஸா சொன்னபோது அவன் அங்கியை இழுத்துப் போர்த்திக்கொண்டான். சண்டையில் புறமுதுகு காட்டியவனுக்குப் பெண்கள் வைக்கிற அடையாளம் அது. போன வசந்தத்தில் பீரங்கிச் சத்தம் கேட்டதும் ஓடிவந்த மோஹா, அந்தக் கறையை வாங்கியதிலிருந்து கூடாரத்தைவிட்டுத் தலைகாட்டவில்லை.

ஆனால் வேறு வழியில்லை. பிரெஞ்சுப் படை கோட்டையிலிருந்து கிளம்பத் தயாராக இருந்தது. பிள்ளைகளும் மந்தையும் கணவாயைத் தாண்டுவதற்குள் அது வந்துவிட்டால் எல்லாம் போச்சு. வழிகாட்ட ஓர் உள்ளூர் ஆளைக் கேப்டன் வலைவீசித் தேடிக்கொண்டிருந்தான். சொந்த சனமே விரட்டியடித்த ஆள் என்றால் நம்புவான். ஊர் வழக்கத்தையெல்லாம் கரைத்துக் குடித்தவன் என்று அவனுக்கு ஒரு நினைப்பு.

"மோஹாவையே அனுப்பேன். அவனுக்குத்தான் ஏற்கெனவே பூசியாச்சே," என்றான் பாஸ்ஸு.

"அவன் நெசமாவே வழி காட்டிருவான்யா," என்றாள் இஸ்ஸா.

சந்தை கூடிய நேரம் பார்த்து, எல்லார் முன்னாலும் மருதாணியைக் கிண்ணத்தோடு அவன் முதுகில் வீசினாள். விஷயம் தெரியாத பெண்கள் கைகொட்டிச் சிரித்தார்கள். பிள்ளைகள் சாணியை எறிந்தார்கள். நடிப்புதான் என்று தெரிந்தும் பாஸ்ஸுவுக்குக் கண் கலங்கிவிட்டது.

கோட்டைக்கு ஓடிவந்தவனின் கறையைக் கேப்டன் தடவிப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டி, புதினாத் தேநீர் கொடுத்தான். மறுநாள் பாஸ்ஸு படையைப் பனி உருகிச் சேறாகிக் கிடந்த பள்ளத்துக்குள் பவ்யமாகக் கூட்டிப்போனான். பீரங்கி சுமந்த கோவேறு கழுதைகள் வயிறுவரை இறங்கின. முன்னால் போய் வழி பார்த்துவருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவன் போனவன்தான். கழுதைகளை வெளியே இழுப்பதற்குள் கடைசி ஆடும் கணவாயைத் தாண்டிவிட்டது.

புதிய முகாமில் இஸ்ஸா எல்லாவற்றையும் போட்டு உடைத்தாள். சாணி எறிந்த பிள்ளைகளே இப்போது பாஸ்ஸுவின் பின்னால் ஊர்வலம் போனார்கள். வேறு அங்கி நெய்து தருகிறேன் என்றாள், அவன் கேட்டால்தானே. முதுகு எல்லார் கண்ணிலும் படும்படியாகவே திரிந்தான். போதாக்குறைக்கு, எங்களுக்கும் கொஞ்சம் பூசிவிடு என்று இளவட்டங்கள் இஸ்ஸாவைச் சுற்றி வந்தார்கள். இனிமேல் கோழைகளுக்கு எதைப் பூசுவது என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

அன்றைக்குத்தான் மோஹாவும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கூடாரத்தைவிட்டு வெளியே வந்தான்.

"நானும் ஒரு வேலையாத்தான் பூசிக்கிட்டேன். வெளிய சொல்லக் கூடாதுன்னு இருந்தேன்," என்றான்.

"அப்படியா தம்பி? நல்லதாப் போச்சு," என்றாள் இஸ்ஸா. "கேப்டன் மறுபடி ஆள் தேடுறானாம். நாளைக்கு நீ போ."

சாயங்காலம் பாஸ்ஸு ஓடைக்குப் போனபோது, மோஹா தன் அங்கியைக் கல்லில் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான். கறை போவதாக இல்லை. பாஸ்ஸுவுக்குப் பாவமாக இருந்தது. தன்னுடையதும் போகாது என்று நினைத்தபோது பரம சந்தோஷமாகவும் இருந்தது.