மூலையில் மார்லீன்

1

இதைத் தமிழில் எழுதுவதற்கு ஒரே காரணம்தான்: லெஸ்டருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அவர் மனைவி மார்லீனுக்கும் தெரியாது. ராச்செஸ்டரில் எங்கள் பழைய கேமராச் சங்கத்தில் பத்தொன்பது பேர். என்னைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. ஆகவே வாசகரே, நான் சொல்லப்போவது நமக்குள் இருக்கட்டும். எதற்கும் இருக்கட்டும் என்று கதை எனப் பெயர் போட்டிருக்கிறேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"அக்டோபர் மாதத்துப் பொன்னொளி பழைய லென்ஸின் வழியே கசிந்து..."

சீ, கசிவதாம்! லெஸ்டர் காதில் விழுந்தால் "ஒளி கசிஞ்சா அது ரிப்பேருப்பா" என்பார். அடித்துவிட்டேன்.

"லெஸ்டருக்கு அறுபத்து மூன்று கேமராக்கள் இருந்தன. ஒரு மனைவியும் இருந்தாள்."

இது பரவாயில்லை. வரிசை தப்பு என்று யாராவது சண்டைக்கு வரலாம். (லெஸ்டர் வரமாட்டார்.)

3

லெஸ்டர் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். புது லென்ஸ் வாங்கினால் (புது என்றால் எங்கள் ஆட்களுக்கு எழுபது வயதானது) பூவையோ குழந்தையையோ எடுக்கமாட்டார். கராஜின் செங்கல் சுவரை எடுப்பார். செங்கல் வரிசை நேராக வருகிறதா, ஓரம் மங்குகிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார். நாங்கள் எல்லோரும் அப்படித்தான்; சிரிக்காதீர்கள்.

"நடுவுல எல்லா லென்சும் நல்லாத்தான் இருக்கும். மூலையிலதான் அதோட யோக்கியதை தெரியும்" என்பது அவர் வாக்கு. அதனால் படச் சட்டத்தின் இடது மூலையில் மார்லீனை நிறுத்துவார். கையில் ஓர் அட்டை: லென்ஸின் பெயர், திறப்பு எண் (லென்ஸ் எவ்வளவு திறந்திருக்கிறது என்ற கணக்கு). ஒவ்வொரு லென்சுக்கும் எட்டுப் படம். முப்பது வருடம்.

இந்த வாரத் தொடக்கத்தில் மகள் ஹோலி தொலைபேசியில் கூப்பிட்டாள். நாற்பதாவது கல்யாண நாள் விருந்துக்கு அம்மாவின் நல்ல படம் ஒன்று வேண்டுமாம்.

"ஒண்ணா? கீழே பதினோரு பெட்டி கிடக்கு" என்றார் லெஸ்டர்.

மார்லீன் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தார். "பதினோரு பெட்டியிலயும் தேடு. கையில அட்டை இல்லாம நான் நிக்கிற படம் ஒண்ணே ஒண்ணு காட்டு, நான் வாயை மூடிக்கிறேன். இல்லேன்னா ஞாயித்துக்கிழமை சந்தையில உன் அறுபத்து மூணும் விலைக்கு மேசைமேல ஏறணும்."

"புதுசா எடுத்தா?"

"எடேன். ஒரே ரோல்தான். அட்டை பிடிக்கமாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்."

நான்கு நாள் தேடினார். திறப்பு எண் ஒன்றரையில் மூலையில் ஒரு புகைமூட்டம்; எட்டில் அதே இடத்தில் மார்லீன், தெளிவாக. பெட்டிக்குப் பெட்டி தலைமுடி நரைத்துக்கொண்டே போனது. இதுவரை செங்கல்லைத்தான் பார்த்தோம் என்பது லெஸ்டருக்கு அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது அவருக்கு. (இதை எப்படி அறிவேன்? அவர் சொல்லவில்லை. பெட்டிகளைப் பற்றிக் கேட்டபோது வானிலையைப் பற்றிப் பேசினார்.)

4

சனிக்கிழமை காலை. லெஸ்டர் சவரம் செய்து, புதுச் சட்டை போட்டு, தன்னிடம் உள்ளதிலேயே நல்ல கேமராவை எடுத்தார். அந்த வகைக் கேமராவில் பார்ப்பது ஒரு சின்னச் சன்னல் வழியே, படம் விழுவது லென்ஸ் வழியே. லென்ஸை மூடி வைத்திருந்தாலும் பார்ப்பவர் கண்ணுக்கு உலகம் பளிச்சென்று தெரியும்.

மூடியைக் கழற்றியதும் சட்டையின் இடது பையில் போடுவது அவர் பழக்கம். புதுச் சட்டையில் பை இல்லை. கை பையைத் தேடியது, காணவில்லை, மூடியோடு கேமராப் பக்கமே திரும்பிவிட்டது.*

சுவரிலிருந்து மார்லீனை நடுவுக்கு அழைத்தார். முப்பத்தாறு படம். "இந்தப் பக்கம் திரும்பு. அந்தச் சிரிப்பு, ஆங், அதேதான்!"

* எங்கள் சங்கத்தில் மூடியோடு படம் எடுத்தவர் அடுத்த கூட்டம் முழுக்கப் பழைய மூடிகள் கோத்த மாலையைப் போட்டுக்கொண்டு காபி ஊற்ற வேண்டும். இந்தச் சட்டம் கொண்டுவந்தவர் லெஸ்டர். நான் இரண்டு முறை போட்டிருக்கிறேன். இரண்டு முறையும் கைதட்டத் தொடங்கியவர் யார் என்று சொல்லவும் வேண்டுமா?

5

சங்கத்தில் ஃபிலிம் கழுவும் வேலை என்னுடையது. ரோலை மார்லீன்தான் கொண்டுவந்தார்.

"பரி, இதுல ஒண்ணும் இல்லை. மூடி போட்டிருந்துச்சு."

"பாத்தீங்களா? அப்பவே சொல்லக் கூடாதா?"

"முதல் படத்துலயே பாத்தேன். வாயைத் திறந்தேன்... மூடிக்கிட்டேன். முப்பது வருஷத்துல முதல் தடவையா மனுஷன் அட்டையைப் பாக்காம என்னைப் பாத்தான். நடுவுல நானே கெடுப்பனா?" கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பந்தயம் பந்தயம்தான். அவன் தோத்தா எல்லாம் போகும், மாலையும் விழும். ஆனா ரோல் உங்க கையால கெட்டுப்போனா அவன் தோக்கல, இல்லையா?"

6

வாசகரே, இங்கே ஒரு பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வருகிறது. என் மேல்தான்.

அந்தக் கேமராவின் லென்ஸ் மேல் எனக்குப் பதினெட்டு வருடமாகக் கண். நாளை மேசைமேல் ஏறினால் முதல் ஆளாக நிற்பேன். தவிர, லெஸ்டரின் கழுத்தில் அந்த மாலையைப் பார்க்க என்ன வேண்டுமானாலும் கொடுப்பேன். நல்லவனாக என்னை எழுதிப்பார்த்தேன். மூன்று வரிக்கு மேல் ஓடவில்லை.

பொய் சொல்லவும் எளிதில்லை. ஃபிலிமின் விளிம்பில் எண்கள் உண்டு, தொழிற்சாலையிலேயே பதிந்தவை. முதலில் படத்தை எழுப்பும் டெவலப்பரை ஊற்றினால் படம் இல்லாவிட்டாலும் எண்கள் எழும்; லெஸ்டர் ஒரு பார்வையில் "மூடி" என்று கண்டுபிடித்துவிடுவார். தவறிப்போய், கடைசியில் படத்தை நிலைக்கவைக்க ஊற்றும் ஃபிக்ஸரை முதலில் ஊற்றினால் எண்களும் அழிந்து சுத்தக் கண்ணாடிபோல் ஆகிவிடும். கத்துக்குட்டி செய்யும் தப்பு. பழி என் தலையில், கேமராக்கள் அவர் வீட்டில்.

ஆனால் மார்லீன் பார்த்தது தப்பாக இருந்தால்? கறுப்பு லென்ஸ், கறுப்பு மூடி, முகத்தில் வெயில். முப்பத்தாறு மார்லீன்களை நானே கழுவிக் கொட்டியவனாவேன். கதையாசிரியன்தானே, பத்தாவது படத்தில் மூடி கழன்று விழுந்தது என்று ஒரு வரி எழுதிவிட்டுப்...

வேண்டாம். அதை நான் பார்க்கவில்லை.

7

நிலவறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ரோல் தொட்டிக்குள், இருட்டில். பக்கத்தில் இரண்டு பாட்டில். மேலே கதவு தட்டாமலே திறக்கிறது; லெஸ்டர்தான். மூலை எப்படி வந்திருக்கிறது என்று கேட்பார். கேட்கட்டும், அந்த எரிச்சலிலேயே டெவலப்பரை ஊற்றிவிடலாம் என்று காத்திருந்தேன்.

"பரி!" படியிலிருந்தே குரல். "அவ எப்படி வந்திருக்கா?"

இரண்டு பாட்டிலையும் உங்கள் பக்கம் தள்ளிவிட்டேன். எது முதலில் என்று சீக்கிரம் சொல்லுங்கள், அவர் பாதிப் படி இறங்கிவிட்டார்.