போர்டு வைத்த பூ

அந்தப் பூங்காவில் ஒரே சட்டம்தான். போர்டு இருந்தால் செடி, இல்லாவிட்டால் களை. பதினோரு வருடமாகத் தற்காலிகத் தோட்டக்காரராகவே காலம் தள்ளுகிறவர், அந்தச் சட்டப்படி ஒரு மஞ்சள் பூச்செடியை வாராவாரம் பிடுங்கியெறிவார். அதுவும் சளைக்காமல் மறுவாரமே சரளைக்கல் இடுக்கில் தலைநீட்டும்.

அந்த வருடம் மழை ஏமாற்றிவிட்டது. பணத்தைக் கொட்டி வரவழைத்த வெளியூர்ச் செடிகளெல்லாம் போர்டும் கையுமாகக் கருகின. மஞ்சள் பூ மட்டும் ஜம்மென்று நின்றது. கண்காணிப்பாளருக்குப் புல்லரித்துவிட்டது. ‘வறட்சி தாங்கும் மண்ணின் மலர்’ என்று போர்டு வந்தது, கம்பிவேலி வந்தது. கூடவே விதியும் வந்தது: போர்டு உள்ள செடிக்கு இரண்டு வேளை தண்ணீர்.

“ஐயா, தண்ணி ஊத்தினா இது அழுகிடும்யா.”

“ரூல்ஸ் ரூல்ஸ்தான். அடுத்த மாசம் ஆய்வுக்குழு வருது. ஏதாவது ஏடாகூடமாச்சு, நிரந்தர ஆர்டரை மறந்திடுங்க.”

வீட்டில் மனைவி சிரித்தாள். “ஆர்டர் வருது வருதுன்னே பொண்ணு காலேஜை முடிச்சிட்டா.”

மூன்றாம் நாள் வேலிக்குள் பாதிச் செடிகளுக்குத் தண்டு கறுத்தது. தோட்டக்காரர் பிழைத்திருந்த செடிகளைப் பெயர்த்து மோட்டார் அறைக்குப் பின்னால் நட்டார். வேலிக்குள் போர்டு மட்டும் நின்றது. அதற்கு இரண்டு வேளையும் தவறாமல் தண்ணீர் ஊற்றினார்.

ஆய்வுக்குழு வந்தது. போர்டைப் படித்தது, ஈரமண்ணைத் தொட்டுப் பார்த்தது, ‘பராமரிப்பு பிரமாதம்’ என்று எழுதிவிட்டுப் போனது. பூ எங்கே என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

மறுவாரம் ஆர்டர் கைக்கு வந்தபோது தோட்டக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது.

“நிரந்தரமாயிட்டீங்க, சந்தோஷம்” என்றார் கண்காணிப்பாளர். “முதல் வேலையா, மோட்டார் ரூம் பின்னாடி மஞ்சமஞ்சளா மண்டிக்கிடக்கே, அந்தக் களையைப் பிடுங்கிடுங்க.”

உண்மையைச் சொன்னால் குட்டு உடையும், ஆர்டரும் போகும். “சரிங்கய்யா” என்றார்.

பிடுங்கினார். பாதிப் பூக்கள் காய்ந்து விதை கட்டியிருந்தன. அத்தனையையும் அள்ளித் தலைகீழாகத் தோளில் போட்டுக்கொண்டார். குப்பைத்தொட்டி பத்தடியில்தான் இருந்தது. அவரோ உதறி உதறி நடந்து, பூங்காவை மூன்று சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் அங்கே போய்ச் சேர்ந்தார்.