அனுப்பாமல் நின்ற குறிப்புகள்

“அக்கா, என் திருத்தத்தைப் பாத்துட்டேன்னு சொன்னீங்க. அங்க ஒண்ணையும் காணோமே?” என்று இசைவாணி போனில் கேட்டபோது ஜாஸ்பினுக்குச் சிரிப்புத்தான் வந்தது.

“கண்ணாடியப் போட்டுக்கிட்டுப் பாருடி. வரிக்கு வரி எழுதி வச்சிருக்கேன்.”

“போட்டுத்தான் இருக்கேன்க்கா. குறிப்புக்குப் பக்கத்துல மஞ்சளா ஏதும் தெரியுதா? அப்படின்னா அது இன்னும் ஒங்ககிட்டத்தான் இருக்கு. எல்லாம் எழுதி முடிச்சு, மேல உள்ள பட்டனை அமுக்குனாத்தான் எங்களுக்கு வரும்.”

மஞ்சளாகத்தான் இருந்தது. எழுதியதும் போய்விடும் என்றே ஜாஸ்பின் நினைத்திருந்தாள். பட்டனை அமுக்கினாள். அப்படியானால் கவியரசனுக்கு எழுதியது?

ஆவூரில் பள்ளிக்கூடக் கம்ப்யூட்டர் டீச்சர் அவள். கல்லூரித் தோழிகளோடு சேர்ந்து, டவுன் பஸ் நேரம் சொல்லும் செயலி ஒன்றைச் செய்திருந்தாள். காசு கிடையாது. அதன் கம்ப்யூட்டர் நிரலும் எல்லோருக்கும் திறந்தே கிடக்கும். யார் வேண்டுமானாலும் திருத்தி அனுப்பலாம். அவள் படித்துக் குறை சொல்லி, சரியானதும் சேர்ப்பாள். தோழிகளின் திருத்தங்களைப் பேசிச் சிரித்தபடியே சேர்த்துவிடுவாள். எழுதிக் குறை சொல்ல வேண்டி வந்த இரண்டாவது ஆள், புதிதாகச் சேர்ந்த இந்த இசைவாணி. முதல் ஆள், கூடப் படித்த கவியரசன். அவள் மனசுக்கு வேண்டிய ஒரே ஆளும் அவன்தான்.

சில வருடங்களுக்கு முன் அந்தத் திருத்தத்தை அனுப்பியபோது அவன் கறம்பக்குடியில் செல்போன் கடையில் இருந்தான்.

“ஒங்கப்பா முன்னாடி வெறுங்கையோட வந்து நிக்க மாட்டேன். இந்தத் திருத்தம் சேந்துச்சுன்னா, அதக் காட்டிச் சென்னையில வேலை கேப்பேன். இல்லைன்னா சிங்கப்பூர்தான்.”

“சரி. ஆனா இதப் பத்திப் போன்ல ஒரு வார்த்தை பேசக் கூடாது. எல்லாம் செயலியோட பக்கத்துலதான், நாலு பேர் பாக்குற எடத்துல. வேண்டியவன்னு சேத்துக்கிட்டதா யாரும் சொல்லிறக் கூடாது.”

ஞாயிறு பூசை முடிந்து வந்து, நாள் முழுக்க உட்கார்ந்து அவன் திருத்தத்துக்குக் குறிப்பு எழுதினாள். கடைசியில், ‘நல்லா செஞ்சிருக்கீங்க. இத மட்டும் சரிபண்ணுங்க, காத்திருக்கேன்’ என்று முடித்தாள்.

அவன் அசையவில்லை. குறை சொன்னதும் ரோஷம் வந்துவிட்டது என்று இவள் நினைத்தாள். கடைசியில் சிங்கப்பூர் போவதாக அவன் போன் செய்தபோது, “போயிட்டு வாங்க” என்றாள். போனில் எப்போதும் ‘வா, போ’ என்பவள் சொன்ன அந்த ‘ங்க’ இருவருக்குமே சுட்டது.

இப்போது அவன் விடுப்பில் வந்திருப்பதைக் கேள்விப்பட்டு, கறம்பக்குடி பஸ் ஸ்டாண்டுக்கு வரச் சொன்னாள். அவள் நீட்டிய போனை வெயிலிலேயே நின்று படித்தான்.

“இவ்வளவும் எழுதுனியா?”

“ம்.”

“இந்த மூணாவது தப்ப நானே கண்டுபிடிச்சேன். அங்க போய், ரூமுல படுத்துக்கிட்டு.”

“அப்பவாவது அனுப்பியிருக்கலாம்ல.”

“வாயே தொறக்காதவ கிட்ட மறுபடி எப்படி நீட்டுறது? என் வேலை குறை சொல்லக்கூட லாயக்கில்லைன்னு நெனச்சுக்கிட்டேன்.”

“கேட்டிருக்கலாம், கவி.”

“கேக்கக் கூடாதுன்னது நீ.” சிரிக்கப் பார்த்தான். “டீச்சரம்மாவுக்குப் பட்டன் அமுக்கத் தெரியலன்னு பிள்ளைங்களுக்குத் தெரிஞ்சா மானம் போயிரும்.”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. “இப்ப அனுப்பவா?”

“வேண்டாம். தையில கல்யாணம். மாமன் மக கார்த்திகா. என் போனு அவ கையிலதான் பாதி நேரம் இருக்கு.” குரல் இறங்கியது. “நல்ல பிள்ளை ஜாஸ்பின். அவ என்ன பாவம் பண்ணுனா?”

வரன்களை அப்பாவிடம் எத்தனையோ சாக்குச் சொல்லித் தட்டிக் கழித்துவந்தவள், தலையை மட்டும் ஆட்டினாள்.

“திருத்தம் சனத்துக்கு ஆகும்னா சேத்துக்க. என் பேரு வேண்டாம்.”

“எழுதுனவங்க பேரில்லாம சேக்குற வழக்கம் இல்ல.”

“அப்பப் போட்டுக்க. அது வேலைதானே.”

வீட்டுக்கு வந்து அவன் விட்ட பிழைகளைத் தானே சரிசெய்தாள். குறிப்புகளை ஒவ்வொன்றாக அழித்தாள். அவன் பெயரிலேயே திருத்தத்தைச் சேர்த்தாள்.

கொஞ்ச நேரத்தில் இசைவாணியின் செய்தி வந்தது: ‘யாருக்கா இந்தக் கவியரசன்? புது ஆளா?’

‘இல்லடி’ என்று எழுதி அழித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி எழுதினாள்.

‘கறம்பக்குடிக்காரர். இனிமே எழுத மாட்டார்.’