பின்படலையால் வந்தவள்

கிணற்றடியில் மூன்றாவது வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டிருந்தபோது பின்படலை திறக்கிற சத்தம் கேட்டது. முத்துக்குமாரர் திரும்பிப் பார்த்தார். செத்தவீட்டுக்கு வருகிறவர்கள் முன்கேற்றால்தான் வருவார்கள். அங்கே பந்தல் போட்டு, கனடாவில் இருக்கும் மகன் கஜானன் பார்ப்பதற்குக் கமராவும் பூட்டியிருந்தது. இவளோ வீட்டுக்குப் பின்னால் போகும் ஒடுங்கிய ஒழுங்கையால் வந்திருந்தாள். ஐம்பது வயதிருக்கும். கழுத்தில் சிலுவை.

"நீங்கள்தானே ஐயா, வீட்டுக்காரர்?"

"ஓம். நீர் ஆர்?"

தன் பெயர் மக்டலீன், ஊர் குருநகர், பெரியாஸ்பத்திரிக் கிளினிக்கில் செத்துப்போன அக்காவோடு பழக்கம் என்றாள். நேற்று அங்கேதான் கேள்விப்பட்டாளாம். வரிசையில் அக்காவின் கொப்பியையும் தான் பிடித்துக்கொண்டு நின்றதால் விலாசம் மனப்பாடமாம். பிறகு குரலைத் தணித்துக் கேட்டாள்.

"உங்களிட்டை வேலைக்கு நிண்ட சிவக்கொழுந்தக்காவை இந்தப் பக்கமோ கிடத்தியிருக்கிறியள்?"

சிவக்கொழுந்து அவருடைய மனைவி. நாற்பத்தாறு வருடம் இந்த வீட்டுச் சாவிக்கொத்தை இடுப்பில் செருகியிருந்தவள். கூறைச்சேலை உடுத்தி முன்விறாந்தையில்தான் கிடத்தியிருந்தார்கள்.

அவர் வெறும் வாளியை மறுபடி தலையில் கவிழ்த்தார். மக்டலீன் அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டாள். அக்கா ஒருநாளும் வீட்டாரைக் குறை சொன்னதில்லை, ஐயா கண்டிப்பு என்றாலும் குணமான மனுசன் என்றுதான் சொல்வாள் என்றாள். இரண்டு வருடப் பழக்கமாம்.

இரண்டு வருடம். மாதத்தில் ஒரு வியாழக்கிழமை மருதனார்மடத்து ஆஞ்சநேயருக்கு நேர்த்தி என்று சொல்லி விடியப்புறம் பஸ் ஏறுவாள். மத்தியானம் திரும்பி வந்து செந்தூரம் தருவாள். அவரும் கும்பிட்டு வாங்கி நெற்றியில் இட்டார். ஒரு சின்னப்பிள்ளையை ஏய்ப்பதுபோல அல்லவா ஏய்த்திருக்கிறாள். அதுவும் அவருடைய வீட்டுக்குள்ளேயே தன்னை வேலைக்காரியாக்கி, அவரை எசமானாக்கி.

கஜானன் காசு அனுப்புவதை நிறுத்தி மூன்று வருடம். ஊரில், இந்தக் கரவெட்டியில், அது ஒருவருக்கும் தெரியாது. கிளிநொச்சியில் கலியாணம் முடித்திருக்கும் மகள் நிவேதனாவுக்கும் தெரியாது. பெடியன் ஒரு குறையும் வைக்கவில்லை என்று அவர் கோயில் வீதியில் சொல்லிக்கொண்டிருந்தார். தனியார் டொக்டரிடம் மாதாமாதம் காட்டியது மூன்று மாதத்துக்கு ஒருமுறையாகி, பிறகு நின்றே போனது. கவண்மேந்துக் கிளினிக்குக்குப் போகட்டோ என்று அவள் கேட்டாள். கனடாக்காரனின் தாய், வசதியில்லாத சனத்தோடு ஒரே வாங்கிலில் குந்தியிருக்க ஏலாது என்றார். அவள் மறுபேச்சுப் பேசவில்லை. மறுபேச்சுப் பேசாத மனைவி என்பதில் அவருக்குப் பெருமை இருந்தது.

"பங்குனியிலை டொக்டர் வார்ட்டிலை நிக்கச் சொன்னவர், ஐயா. கிட்னி பழுதாப் போச்சு, இரத்தம் சுத்திகரிக்கோணும் எண்டு. அக்கா, வீட்டு ஐயாவைக் கேட்டுச் சொல்லுறன் எண்டா. அதுக்குப் பிறகு வரவேயில்லை." மக்டலீன் அவரை நேரே பார்த்தாள். "உங்களிட்டைக் கேட்டவவோ?"

கேட்டிருந்தாள். கிட்னி என்றோ இரத்தம் என்றோ சொல்லவில்லை. ஒரு கிழமை ஆஸ்பத்திரியில் நின்று உடம்பைக் காட்டினால் என்ன என்று மட்டும் கேட்டாள். கோயில் திருவிழாவில் எங்கள் உபயம் வருகிறது, அந்த நேரம் பார்த்து நீ தர்மாஸ்பத்திரியில் கிடந்தால் சனம் என்ன கதைக்கும் என்று அவர் திருப்பிக் கேட்டார். உபயம் ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. வீங்கிய காலோடு அவள்தான் பொங்கினாள். மறுபடி கேட்கவில்லை.

"இல்லை," என்றார். "என்னட்டை ஒண்டும் கேக்கேல்லை."

"கேட்டிருந்தா விட்டிருப்பியள்," என்றாள் மக்டலீன். ஒருக்கால் முகத்தைப் பார்த்துவிட்டுப் போகிறேன் என்றாள்.

அவர் பதில் சொல்லுமுன் நிவேதனா குசினி வாசலுக்கு வந்து, கிரியைக்குச் சுண்ணம் இடிக்க உரல் வைத்தாயிற்று, ஐயர் காத்துக்கொண்டிருக்கிறார் என்றாள். ஈரவேட்டியோடு அவர் உள்ளே நடந்தார். மக்டலீனும் பின்னால் வந்தாள்.

விறாந்தையில் அவள் நின்றுவிட்டாள். கூறையைப் பார்த்தாள். தாலிக்கொடியைப் பார்த்தாள். தலைமாட்டில் இருவரும் மாலையோடு நிற்கும் பெரிய படத்தைப் பார்த்தாள். பிறகு மெல்லத் திரும்பி அவரைப் பார்த்தாள்.

நிவேதனாவின் கையில் போன் இருந்தது. "ஆரப்பா இவ? அண்ணை கேக்கிறார்."

சனம் திரும்பிப் பார்த்தது. முத்துக்குமாரர் முதுகை நிமிர்த்தினார்.

"நீ கலியாணம் முடிச்சுப் போனாப்பிறகு இஞ்சை வேலைக்கு நிண்டவ."

மக்டலீன் வாயைத் திறந்தாள். செத்தவளின் முகத்தைப் பார்த்தாள்.

"ஓம் பிள்ளை," என்றாள். "அக்கா என்னோடை நல்ல வாரப்பாடு, கூடப்பிறந்தவ மாதிரி."

"அப்ப உந்தத் தேத்தண்ணிக் கோப்பையளை ஒருக்கா எடும்," என்றாள் மூலையில் இருந்த மச்சாள் ஒருத்தி.

மக்டலீன் சேலைத்தலைப்பை இடுப்பில் செருகினாள். கோப்பைகளைப் பொறுக்கித் தட்டத்தில் அடுக்கிக்கொண்டு வந்த வழியே போனாள்.

ஐயர் உலக்கையை நீட்டினார். முத்துக்குமாரர் வாங்கி இடிக்கத் தொடங்கினார். ஒவ்வொரு இடிக்கும் நடுவில், கிணற்றடியில் கோப்பை கழுவுகிற சத்தம் கேட்டது. மெல்ல இடித்தால் போதும் என்று ஐயர் இரண்டு தரம் சொன்னார்.