மூலையில் விழுந்த நட்சத்திரம்

ஸ்ரீரஞ்சனிக்குத் தூசு என்றாலே ஆகாது. பின்னே? தொண்ணூறு வருஷத்துக்கு முன்னால் நோவாவாக வெடித்த ஒரு நட்சத்திரம் ஊதித் தள்ளிய வாயுக்கூட்டைப் படம் பிடிக்க, இரண்டு வருஷமாகத் தொலைநோக்கி இருக்கிற மலைக்கு ஏறி இறங்குகிறாள். படத்தில் நட்சத்திரத்தைச் சுற்றி மங்கலாக ஒரு வளையம் இருக்கத்தான் செய்தது. ஆனால் கேமராக் கண்ணாடியில் தூசு ஒட்டினாலும் அச்சு அசலாய் அதே மாதிரி வளையம் விழுமே! நாளைக் காலை அடையாறு ஆய்வுக்கூடத்தில் அவளுடைய பிஎச்.டி. ஆய்வைப் பரிசீலிக்கும் கமிட்டி. கூடு இல்லையென்றால் தலைப்பையே மாற்றச் சொல்லிவிடுவார்கள். இரண்டு வருஷமும் விழலுக்கு இறைத்த நீர்தான்.

"தூசுன்னா ஒரே இடத்துலதானே நிக்கும்? நட்சத்திரத்தைத் தள்ளி வெச்சு எடுத்த படம் ஒண்ணுகூடவா இல்ல?" என்று கேட்டாள் பக்கத்துக் கம்ப்யூட்டரில் இருந்த நஸ்ருன்னிசா. திருவல்லிக்கேணிக்காரி, சுற்றி வளைக்கத் தெரியாது.

"எல்லாமே நட்ட நடுவுல வெச்சுண்டு எடுத்தேன். ஒழுங்கா வேலை பண்றேனாம்!"

ஒழுங்குக்கும் ஒரு அளவு வேண்டாமா? சொல்லி முடித்ததும் ஸ்ரீரஞ்சனிக்கு முகம் சிவந்தது. ஒரு படம் இருந்தது. போன மார்கழியில் தூக்கக் கலக்கத்தில் தொலைநோக்கியைத் தப்பாக நிறுத்தி, நட்சத்திரம் மூலையில் போய் விழுந்த படம். மானம் போய்விடுமே என்று யாரிடமும் மூச்சுவிடாமல், படங்களைப் பதிந்து வைக்கிற டேப்பின் கடைசியில் ஒளித்து வைத்திருந்தாள்.

டேப் ஓடி முடிய இருபது நிமிஷம். நட்சத்திரத்தின் சொந்த வெளிச்சத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தார்கள். நடுவில் ஒன்றுமே இல்லை. வளையம் மூலையில் இருந்தது, நட்சத்திரத்தைச் சுற்றி.

"கூடவே போயிருக்குடி!" நஸ்ருன்னிசா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். ஸ்ரீரஞ்சனிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. தொண்ணூறு வருஷமாக விரிந்துகொண்டே இருக்கிற கூட்டை அவள் பிடித்துவிட்டாள்.

மறுநாள் கமிட்டித் தலைவர் வேம்பு சார் அந்தப் படத்தைக் கையில் எடுத்தார். "அருமையான சோதனை. வேணும்னே மூலையில வெச்சு எடுத்தியாம்மா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கெட்டிக்காரி என்ற பட்டம் கிடைத்துவிடும். நாக்கு நுனிவரை வந்தது.

"இல்ல சார். தூங்கிட்டேன்."

வேம்பு சார் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

"முப்பது வருஷமா நானும்தான் அங்க தூங்கியிருக்கேன். அந்தப் படத்தையெல்லாம் குப்பையில போட்டுட்டேனேம்மா!"