தூங்குகிறவனை எழுப்பக் கூடாது

படப்பையில் எங்கள் அறைக்கு ஒரே சட்டம்தான்: தூங்குகிறவனை எழுப்பக் கூடாது. நானும் திருமலையும் ஒரகடத்தில் வேறு வேறு கம்பெனி. அவனுக்கு நைட் ஷிஃப்ட், எனக்குக் காலை ஷிஃப்ட். நான் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கும்போது அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பான். ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு திருடன் மாதிரி உள்ளே போவேன். லைட் போடுவதில்லை, பேச்சும் கிடையாது. ஒரு வருஷமாக ஒரே அறையில் இருக்கிறோம். அவன் முதுகு எனக்கு நல்ல பழக்கம்.

எனக்கு மனசு சரியில்லை. இதில் சுற்றி வளைக்க என்ன இருக்கிறது? காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது. யாரும் சாகவில்லை, எந்தப் பெண்ணும் ஏமாற்றவில்லை. கம்பெனி லைனில் கார் கதவுக்கு ரப்பர் பொருத்தும்போதே கண்ணில் தண்ணீர் முட்டும். வேர்வை மாதிரி துடைத்துக்கொள்வேன். அறைக்கு வந்ததும் பாத்ரூம் குழாயைத் திறந்துவிட்டு அழுவேன். அப்புறம் ஆணியில் மாட்டிய வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

வண்டியில் ஏறினால் தேவலை. கைக்கு கிளட்ச், காலுக்கு கியர், கண்ணுக்குப் பள்ளம்; மண்டைக்கு வேண்டாத வேலை பார்க்க நேரமிருக்காது. ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டு, குன்றத்தூர் மலை தெரியும்வரை எனக்கு நானே பேசிக்கொண்டு போவேன். நாள் முழுக்க நான் பேசுகிற பேச்சு அவ்வளவுதான்.

போன மாதம் ஆஸ்பத்திரிக்குப் போய் இதைச் சொன்னேன். டாக்டரம்மா மாத்திரை எழுதிக் கொடுத்து, "தூக்கம் வரும், பழகுற வரைக்கும் வண்டி ஓட்டாதீங்க" என்றார். நல்ல வைத்தியம்! மூச்சு முட்டுகிறவனிடம் ஜன்னலைச் சாத்தச் சொன்ன மாதிரி. மாத்திரையை அலமாரியில் வைத்துவிட்டு வண்டியை எடுத்தேன்.

நேற்று ஒரகடம் பக்கம் போனேன். கார்களை ஏற்றிய டிரெய்லர் லாரி ஒன்று குறுக்கே திரும்பியது. பார்த்தேன். பிரேக் பிடிக்க வேண்டும் என்று தெரிந்தது. பிடிக்கத் தோன்றவில்லை. டிரைவர் அடித்த ஹாரனில் உடம்பு தானாக வண்டியை ஒடித்தது. கீழே விழுந்து முழங்கை தேய்ந்ததோடு போயிற்று. இனி வண்டியும் என்னைக் காப்பாற்றாது என்று புரிந்தபோதுதான் நிஜமாகவே பயந்தேன்.

இன்று வந்து பார்த்தால் ஆணியில் சாவி இல்லை.

"என்னாண்ட கீது, கார்முகிலு" என்றது சுவர்ப் பக்கத்து முதுகு.

"தூங்கலயா நீ?"

"கொழாவ தொறந்துவுட்டா கேக்காதா இன்னா? தெனமும் கேட்டுக்கினுதான் கெடக்குறேன். எழுந்தா உனக்கு வெக்கமா பூடுமேன்னு தூங்குறா மாதிரி இருந்துட்டேன். தப்புடா. நேத்து உன் கைய பாத்தப்புறம்தான் ஒறச்சுது."

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. "சாவியக் குடு."

"மாத்திர மேல தூசி படிஞ்சி கீது. ராத்திரி அத போடு. நீ தேர்ற வரைக்கும் வண்டிய நான் ஓட்டுறேன், பின்னாடி குந்து. டாக்டராண்டயும் நானே இட்டுக்கினு போறேன்."

எழுந்து உட்கார்ந்தான். அவன் முகத்தை இன்றுதான் முழுசாகப் பார்த்தேன். தாடையில் ஒரு மச்சம் இருந்தது.

வண்டி படப்பையைத் தாண்டியது. பழக்க தோஷம், பின்னால் உட்கார்ந்தும் ஹெல்மெட்டுக்குள் பேச ஆரம்பித்துவிட்டேன்.

திருமலை வேகத்தைக் குறைத்தான்.

"காத்துல கேக்கல. சத்தமா சொல்லு."