மேசையாகிப்போன கதவு

இருபத்தாறு வருஷம் பெண்கள் விடுதியில் வார்டனாக இருந்தவளுக்குத் தன்னுடையது என்று சாத்திக்கொள்ள ஒரு கதவு இருந்ததில்லை. வார்டன் அறை எந்நேரமும் திறந்தே கிடக்க வேண்டும், அதுதான் அங்கே சட்டம். எவளுக்குக் காய்ச்சல், எவள் சுவரேறிக் குதித்தாள் என்று பார்க்க வேண்டாமா? ஓய்வு பெற்ற மறுநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தம்பி வீட்டுக்கு வந்தவளுக்கு ஆசை ஒன்றே ஒன்றுதான். தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட வேண்டும். அவள் உழைப்பில் எழும்பிய வீடு அது. மூலை அறை அவளுக்கு என்று கட்டும்போதே பேசி வைத்தது.

வந்து பார்த்தால் அறை இருக்கிறது, கதவைக் காணோம்!

"அண்ணி, வீட்டை எப்படி மாத்திட்டேன் பாருங்க!" என்று தம்பி மனைவி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அவளைக் கெட்டவள் என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். வல்லவளுக்குப் புல்லும் ஆயுதம், அவ்வளவுதான். பழைய வாஷிங் மெஷினின் டிரம்மில் செடி முளைத்திருந்தது. உடைந்த ஏணியில் துணி காய்ந்தது. கிழிந்த ஜீன்ஸெல்லாம் பைகளாகிச் சுவரில் தொங்கின. அதற்குள் சீப்பு, கத்தரிக்கோல், கரண்ட் பில். ஹாலில் ஜன்னலோரம் ஒரு மேசை. தம்பி மகள் அதில் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

"இது உங்க ரூம் கதவுதான் அண்ணி! எப்பவாவது ரெண்டு நாள் வர்றீங்க, அதுக்கு ஏன் ஒரு கதவு சும்மா நிக்கணும்னு கழட்டிட்டேன். பூட்டு இருந்த ஓட்டையில பேனா எப்படி நிக்குது பாருங்க!"

பேனா நின்றது.

"நல்லா இருக்கும்மா," என்றாள் வார்டன். நூறு பெண்களை அதட்டிய குரல், அன்றைக்கென்று எழும்பவில்லை.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். அந்த மூன்று நாளும் எத்தனை நாள் இருப்பாள் என்று யாரும் கேட்கவில்லை, ஓய்வு பெற்றுவிட்டதை அவளும் சொல்லவில்லை. குளியலறைக்குப் போக அவள் அறை வாசலைத் தாண்டித்தான் ஆக வேண்டும். "என்னக்கா, தூங்கலையா?" "அண்ணி, இன்னும் எந்திரிக்கலையா?" என்று கேட்டுக்கொண்டே போனார்கள், வந்தார்கள். புடவை மாற்றக்கூட அவள் குளியலறைக்கு ஓடினாள். சீ, இதென்ன பிழைப்பு! நான்காம் நாள் காலையில், சாப்பிடும்போது போட்டு உடைத்தாள்.

"தம்பி, நான் லீவுல வரலை. ரிட்டையர் ஆயிட்டேன். இனிமே இங்கதான். எனக்கு என் கதவு வேணும்."

தம்பிக்குப் புரையேறியது. மனைவி அவன் தலையில் தட்டினாள், கொஞ்சம் பலமாகவே.

"அதுக்கென்னக்கா, உன் வீடு," என்றான் அவன், தண்ணீர் குடித்துவிட்டு.

"பழைய புடவை நிறைய கிடக்கு அண்ணி. அழகா ஒரு திரை தைச்சுடட்டுமா?"

"திரை வேணாம். கதவு."

அன்று மாலையே தச்சர் வந்தார். மேசையைக் கவிழ்த்துக் கால்களைக் கழற்றினார். கதவைத் தூக்கி நிலையில் வைத்துப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"கீழ ஒரு முழம் குறையுதே?"

"ஜன்னலோரம் இடம் பத்தலை, அறுத்துட்டோம்," என்றாள் தம்பி மனைவி, தரையைப் பார்த்துக்கொண்டு. "அந்தத் துண்டைச் செருப்பு ஸ்டாண்டுக்குப் போட்டாச்சு."

"மாட்டுங்க," என்றாள் வார்டன். "ஒரு முழம் குறைஞ்சா குடியா முழுகிடும்?"

தச்சர் போனதும் உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டாள். கட்டிலில் உட்கார்ந்தாள். அப்பாடா! அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது.

சற்று நேரத்தில் கதவுக்கு அடியில் இரண்டு ஜோடிக் கால்கள் வந்து நின்றன. நீலச் செருப்பு தம்பி மனைவியுடையது. வெடித்த குதிகால் தம்பியுடையது. கதவு சாத்தியிருந்தால் காதும் சாத்தியிருக்கும் என்று நினைப்பு!

"கேளுங்க."

"நீ கேளு. கூடப் பொறந்தவகிட்ட நான் எப்படிக் கேக்கிறது?"

"ஏதாவது முதியோர் ஹோம் பாத்து வச்சிருக்காங்களான்னு நாசூக்காக் கேளுங்களேன்."

"கொஞ்ச நாள் பொறு. அவளே சலிச்சுப் போயிடுவா."

இதைச் சொன்னது தம்பி. குதிகால் நகரவில்லை. வெளியே இருப்பவர்களுக்குத் தன் கால்களும் தெரியும் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சத்தமில்லாமல் இரண்டையும் தூக்கிக் கட்டிலின் மேல் வைத்துக்கொண்டாள்.